கூரை மேல் எறிந்த பல்

கடலூர்,
மாசி 10.

அன்புள்ள மகன் எழிலனுக்கு அப்பா தங்கராசு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ராசம்மாளும் மூன்று மாடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுத என் வாய் இடம் கொடுக்கவில்லை, ஏன் என்பது கீழே வரும். அங்கே கனடாவில் அந்தப் பனியில் நீயும் மருமகள் வினோதினியும் நோய்நொடி இல்லாமல் இருக்க திருவந்திபுரம் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். நான் போன் போட்டால் நீ எடுப்பதில்லை, பதினோரு வருடமாக எடுப்பதில்லை, அம்மாவோடு பேசும்போது நான் பக்கத்தில் வந்து நின்றால் உடனே உனக்கு வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் சிதம்பரத்தில் உன் அக்கா அனுப்பிரியாவிடம் விலாசம் வாங்கி பேனாவைப் பிடித்திருக்கிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி. பொங்கலன்று பேசும்போது மருமகள் அம்மாவிடம் சொன்னாளாம், நீ ஒரு பக்கமாகவே மெல்கிறாய், முன்பல் போன அந்த ஓட்டைக்குப் பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பித்துவிட்டது, ராத்திரியில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், டாக்டரிடம் போகலாம் என்றால் அவளிடமும் எரிந்து விழுகிறாய் என்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

முதலில் என் வாயின் கதையைக் கேள். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்று மணலில் சாமிகளெல்லாம் வந்து இறங்கியிருந்தன, நல்ல கூட்டம், உன் அம்மாவுக்குச் சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு நின்றேன். பின் தெருவில் டீக்கடை வைத்திருக்கிறானே கொளஞ்சி, என்னிடம் பால் வாங்கிக்கொண்டிருந்து போன மாதம் நிறுத்தியவன், அவன் பத்து பேர் நடுவில் என்னைப் பார்த்து, "இன்னா தங்கராசு, ஆத்துல இவ்ளோ தண்ணி போவுது, பால் கேனை எடுத்தாரலயா" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். முப்பத்தைந்து வருடமாகப் பால் ஊற்றுகிறவனை ஜனங்கள் நடுவில் அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும். அவன் வாயை மூடுவதற்குள் அறைந்தேன். அறைந்ததோடு விட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்து மணலில் சாய்த்து நெஞ்சில் முழங்காலை ஊன்றி மூக்கிலும் வாயிலும் குத்தினேன், குத்தக் குத்த இன்னும் குத்தவேண்டும் போலவே இருந்தது, உனக்குத் தெரியாததா. அவன் மகன் இளவரசு, காலேஜில் படிக்கிற பையன், பக்கத்துக் கரும்புக் கடையிலிருந்து ஒரு முழுக் கரும்பை உருவி இரண்டு கையாலும் சுழற்றி என் வாயில் விட்டான். கணு பட்ட இடத்தில் மேல்வரிசை முன்பல் இரண்டும் கழன்று என் நாக்கின் மேல் விழுந்தன. துப்பினேன், மணலில் விழுந்ததை எவனோ மிதித்துக்கொண்டு போனான். உதடு கிழிந்து தொங்கியது, அந்த உதட்டோடும் எழுந்து அந்தப் பையன் தோளைக் கடிக்கப் பாய்ந்தேன், கடிக்கப் பல் இல்லை. ஜனம் பிடித்து இழுத்துப் போட்டது.

பெரியாஸ்பத்திரியில் உதட்டுக்கு ஏழு தையல் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவன் படுக்கவில்லை. கொட்டகையில் புல் அறுக்கிற அரிவாள் இருந்தது, எடுத்துக்கொண்டு கொளஞ்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். உன் அம்மா வாசற்கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். நகரு என்றேன், நகரவில்லை. வெட்டிவிடுவேன் என்றேன், அதற்கும் நகரவில்லை. "பெத்த புள்ள பல்ல உடைச்சவரு நீங்க, எவன் பல்லுக்கு எவன்கிட்ட நியாயம் கேக்கப் போறீங்க" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பேச்சை என் முகத்துக்கு நேரே எடுத்தது அன்றைக்குத்தான். அவளை அடிக்கக் கை ஓங்கினேன், இதையும் மறைக்கவில்லை. ஓங்கின கை அப்படியே நின்றது, வாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது, அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை அனுப்பிரியா வந்து என்னைச் சிதம்பரத்துக்கு ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் கலைமணி என்று ஒரு பெண், உன் அக்காவை விடச் சின்னவள், ஆனால் அதட்டலாகப் பேசுகிறாள், எனக்குப் பிடித்தது. வாயைத் திறந்து பார்த்த உடனே, "விழுந்த பல்ல எடுத்தாந்தீங்களா ஐயா" என்று கேட்டாள். உடைந்த பல்லைப் பூஜை அறையில் வைக்கவா என்று நான் எகத்தாளம் பேசினேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஈறே கெட்டுப் போயிருக்குது, வச்சாலும் நிக்காது. வயசுப் பசங்களுக்கு அடிபட்டு நிலைப்பல் வேரோட விழுந்தா, வேரைத் தொடாம, தேய்க்காம, மேல் பக்கமா புடிச்சி எடுத்து, ஒரு டம்ளர் பால்ல போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள ஓடியாந்தா திரும்ப அதே எடத்துல வச்சிக் கட்டிருவோம். பல நேரம் ஒட்டிக்கும்" என்றாள். பாலா என்று கேட்டேன். பால்தான் என்றாள். எந்தப் பால் என்று கேட்டேன். வீட்டில் இருக்கிற பால்தான் ஐயா என்றாள். அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் கொஞ்ச நேரம் என் காதில் ஏறவில்லை.

எழிலா, அன்றைக்கு நம் வீட்டில் நாற்பது லிட்டர் பால் இருந்தது. உனக்குப் பதினாறு வயது, பத்தாவது பரீட்சைக்கு ராவெல்லாம் படித்துவிட்டு விடியற்காலம் கொட்டகையில் கண் அசந்துவிட்டாய், கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் தாயிடம் ஒட்டக் குடித்துவிட்டது. ஒரே ஒரு மாட்டுப் பால். ஆறேழு லிட்டர் இருக்கும். அதற்கு நான் கேன் மூடியை எடுத்தேன், அந்த அலுமினிய மூடி, விளிம்பு தடித்தது. தூங்குகிறவனை எழுப்பிக்கூட அடிக்கவில்லை, தூக்கத்திலேயே மூஞ்சியில் இறக்கினேன், நீ என்ன ஏது என்று தெரியாமல் கண்ணை விழித்து அப்பா என்று கூப்பிட்டாய், கூப்பிட்ட வாயிலேயே இரண்டாவது அடி. முன்பல் முழுதாக வேரோடு வந்து வைக்கோலில் விழுந்தது. நான்தான் பொறுக்கினேன். வேரைப் பிடித்துத்தான் பொறுக்கினேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், நான் என்ன செய்வது என்று தெரியாமல் பால்பல்லுக்குச் செய்கிற மாதிரி சாணியை உருட்டி அதற்குள் பல்லை வைத்துக் கொட்டகைக் கூரை மேல் வீசினேன், புதுப்பல் முளைக்கும் போ என்று உன்னிடம் சொன்னேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கு எங்கே மூன்றாவது பல் முளைக்கும், பால்காரனுக்குக்கூடத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படி நம்பவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நாலு கேன் நிறையப் பால். ஒரு டம்ளர் போதும் என்கிறாள் அந்தப் பெண். அந்த நாற்காலியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு நான் அழுதேன், வலிக்கிறதா என்று கேட்டு அவள் இன்னொரு ஊசி போட்டாள்.

அப்புறம் அவள் சொன்னதை அக்காவை விட்டு மறுபடி கேட்கச் சொல்லி உனக்காக மனதில் வாங்கிக்கொண்டு வந்தேன், அதைக் கவனமாகப் படி. எனக்கு மீதிப் பல்லில் ஆறு ஆடுகிறது, விரலால் தொட்டாலே அசைகிறது, பல் விளக்கினால் ரத்தம், முறுக்கைப் பார்த்தால் பயம், ஆப்பத்தைக்கூடக் காபியில் நனைத்துத்தான் உள்ளே தள்ளுகிறேன், கன்னம் ஒட்டிவிட்டது, இதெல்லாம் வயசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், வயசு இல்லையாம், ஈறு நோயாம், இந்த அளவுக்கு வந்த பிறகு எடுத்துவிட்டுச் செட்டுப் பல் கட்டுவதுதான் வழியாம். அது என் தலையெழுத்து, கழற்றி மாட்டிக்கொள்வேன். உன் கதை வேறு. ஒரு பல் போன இடத்தைச் சும்மா விடக்கூடாதாம். விட்டால் இரண்டு பக்கத்துப் பல்லும் அந்த ஓட்டைக்குள் சாயுமாம், எதிர் வரிசைப் பல் பிடிமானம் இல்லாமல் நீண்டுகொண்டு வருமாம், வேலை இல்லாத எலும்பு கரைந்து போகுமாம், சாய்ந்த பல் இடுக்கில் சோறு தங்கி அதுவும் ஆடுமாம், அப்புறம் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நாலு. இது ஒரு நாளில் நடப்பதில்லை, பத்து பதினைந்து வருடம் சத்தமில்லாமல் நடப்பது என்றாள். உனக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஒரு பக்கமாக மெல்வது, பக்கத்துப் பல் ஆடுவது, ராத்திரி வலி, மருமகள் சொன்ன மூன்றையும் நான் அவளிடம் சொன்னேன். "அவரை உடனே போவச் சொல்லுங்க, இப்ப போனா பக்கத்துப் பல்லக் காப்பாத்திட்டு அந்த ஒண்ணுக்கு மட்டும் பல் கட்டிரலாம், இன்னும் ரெண்டு வருசம் போனா என்கிட்ட கேக்காதீங்க" என்றாள். அதாவது நான் அன்றைக்கு அடித்த அடி அன்றோடு முடியவில்லை, இன்றைக்கும் உன் வாய்க்குள் ஒவ்வொரு பல்லாக அடித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்த வேண்டியது நான், ஆனால் என்னால் முடியாது, உன்னால்தான் முடியும்.

நீ ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். நீ சம்பாதிக்க ஆரம்பித்த வருடம் அம்மா கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு, இருக்கட்டும், அவர் பார்க்கட்டும் என்றாயாமே. பார்த்தேன் எழிலா. உன் கல்யாண போட்டோவில் எல்லாரும் பல் தெரியச் சிரிக்க நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய், அந்த போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது, தினம் பால் கேனோடு அதைத் தாண்டித்தான் போகிறேன். போதும். எனக்குக் காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டாய், இனிமேல் அது உன்னை மட்டும்தான் தின்னும்.

இன்னொரு சேதி. அடிதடி கேஸ் என்று ஏட்டு ஆரோக்கியராஜ் வீட்டுக்கு வந்தார். "பல்லு போனா அது சின்ன கேஸ் இல்ல பெரியவரே, கொடுங்காயம். நீங்க எழுதிக் குடுத்தா ஏழு வருசம் வரைக்கும் இருக்குது, அந்தப் பையன் படிப்பு அவ்ளோதான்" என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை, பேனாவைக் கேட்டு வாங்கிவிட்டேன். வாங்கின பிறகு ஒரு சந்தேகம் கேட்டேன், பெற்ற அப்பனே மகன் பல்லை உடைத்தால் என்ன என்று. "சட்டத்துல அப்பனுக்குன்னு தனியா ஒண்ணும் எழுதல" என்று சிரித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் அடித்தது நான்தான் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன், கொளஞ்சியும் மேற்கொண்டு கேஸ் வேண்டாம் என்றான், இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதற்காக நான் திருந்தி மகான் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே, இளவரசு தெருவில் போனால் இன்றைக்கும் என் கை துறுதுறுக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான் முடிகிறது.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. போனை எடுக்காவிட்டாலும் சரி, என் சாவுக்கு வராவிட்டாலும் சரி, நான் கேட்பது ஒன்றுதான், இந்த வாரமே டாக்டரிடம் போ. நீயும் மருமகளும் நீண்ட ஆயுசோடு, உங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளும் யாருடைய கைக்கும் பயப்படாமல், குறைவில்லாமல் வாழ வேண்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. மருமகளிடம் எரிந்து விழாதே. கடைசியாக ஒரு ஞாபகம். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இந்தப் பல் எப்படிப் போனது என்று கட்டாயம் கேட்பார்கள், என்னையும் கேட்டார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சொல்லச் சொல்லி நான்தான் உனக்குப் பாடம் பண்ணி அனுப்பினேன், இரண்டு தரம் சொல்லிக் காட்டச் சொன்னேன், நீ ரத்தம் நின்றும் நிற்காத வாயால் சொல்லிக் காட்டினாய். நீ கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண்ணிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். இனிமேல் அந்தப் பொய் வேண்டாம் எழிலா. எங்கப்பா அடித்தார் என்று சொல்.

இப்படிக்கு,
அடித்த அப்பா,
தங்கராசு.