நாற்பத்தொரு பேருக்குச் சொந்த வேலை

அன்புள்ள என் வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இன்று கொஞ்சம் தயங்குகிறது. பதறாதே, உங்கப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இன்று காலை காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டினார், ஆகவே பிழைத்துக்கொள்வார்.

போன வாரம் போனில் எபிடெமிக் என்றால் என்ன, பாண்டெமிக் என்றால் என்ன என்று உன்னைக் குடைந்தேனே. ஓர் இடத்தில் வழக்கத்தைவிட நிறையப் பேர் சேர்ந்தாற்போல ஒரே நோயில் விழுந்தால் முதலாவது, அது நாடு நாடாகப் பரவினால் இரண்டாவது என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னாய். எதுக்கும்மா கேக்குற என்றாய். சும்மாதான் என்றேன். சும்மா இல்லை. நானும் உங்கப்பாவும் வேலை செய்யும் தையல் கம்பெனியில் லீவு ரிஜிஸ்டர் எழுதுவது நான்தானே, காய்ச்சல் என்று போட்டால் ஆர்டர் கொடுப்பவர்கள் பயந்துவிடுவார்களாம், எல்லாருக்கும் 'சொந்த வேலை' என்றே போடச் சொன்னார் மேனேஜர். நானும் முத்து முத்தாகப் போட்டேன். பதினோரு நாளில் நாற்பத்தொரு பேருக்குச் சொந்த வேலை. யாரோ புகார் சொல்லி சுகாதார அதிகாரி வந்தார், ரிஜிஸ்டரைப் புரட்டினார், காய்ச்சல்னு ஒருத்தர்கூட இல்லையே, அப்புறம் எப்படிம்மா எபிடெமிக்னு சொல்றது என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்கு டீ கொடுத்த புண்ணியவதியும் நான்தான். மறுநாள் இஸ்திரி மேசையிலேயே சாய்ந்துவிட்டார் உங்கப்பா. நாற்பத்திரண்டாவது வரி, எனக்குப் பேனா ஓடவில்லை.

நேற்று ஒவ்வொரு 'சொந்த வேலை'யையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் காய்ச்சல் என்று எழுதி, கடைசி வரியில் உங்கப்பாவையும் சேர்த்து, ரிஜிஸ்டரோடு அதிகாரியின் ஆபீசுக்கே போனேன். விரல் வைத்து எண்ணினார், நாற்பத்திரண்டு. எபிடெமிக் என்று இந்தமுறை அவரே சொன்னார், சிரிக்கவில்லை. இன்றிலிருந்து பத்து நாள் கம்பெனிக்குப் பூட்டு. உன்ன நம்பித்தானேம்மா ரிஜிஸ்டரக் குடுத்தேன் என்றார் மேனேஜர், திறக்கும்போது என் நாற்காலி இருக்காது. உங்கப்பாவிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, இத முதல் ஆளுக்கே எழுதியிருக்கலாம்ல என்றார். நெற்றித் துணியை நனைத்து மாற்றிப் போட்டேன். அலுப்பாக இருக்கிறது கண்ணு.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, முகமூடியைக் கழுத்துக்குப் போடாமல் மூக்குக்குப் போடு. வார்டு நோட்டில் யார் என்ன சொன்னாலும் நீ பார்த்ததை மட்டும் எழுது.

இப்படிக்கு,
தற்சமயம் சொந்த வேலையாக வீட்டிலிருக்கும்
உன் அம்மா