நாங்கள் வராமல் போன திங்கட்கிழமை

இன்று காலை, நான் பார்த்துக்கொள்கிற இத்தாலிய வீட்டம்மா சிஞ்ஞோராவின் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தேய்த்துவிட்டேன். தொண்ணூறைத் தாண்டியவர், குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க விடமாட்டார். மணம் அறை முழுக்க நின்றது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வரைக்கும் அந்த மணத்தில் நீர் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் உதைபந்தாட்டம் தொடங்குமுன் மைதானத்துச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி, இதே தைலத்தை இரண்டு முழங்காலுக்கும் அப்பிக்கொண்டு, எங்கள் பக்கம் பார்த்து, "வந்திட்டினம் மன்னார் ஆக்கள். சமையலுக்கு வெங்காயம் வெட்டிப்போட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்பீர். தோற்ற அணிதான் இரண்டு அணிக்கும் சமைக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருந்த சட்டம்.

அப்போது நீர் ஊரில் தீவுப் பகுதியிலிருந்து இங்கே வந்து, நகரத்தின் ஓரத்துப் பிரான்காச்சோவில் உங்கள் தீவு ஆட்களோடு குடியிருந்தீர். நான் நகரத்துக்குள்ளே அல்பெர்கேரியாவில் மன்னார் ஆட்கள் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். எல்லோரும் ஏதோ ஒரு வீட்டில் தரை துடைத்தவர்கள். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை, நகரமே சாப்பாடு கட்டிக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் போய்விடும். ஆண்டில் எங்கள் எல்லோருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைப்பது அந்த ஒரு நாள்தான். உங்கள் பங்குச் சுவாமியார் மைதானத்தின் திறப்பை உம்மிடம் தந்தார். முதல் ஆண்டு நாங்கள் ஒன்பது பேர்தான் இருந்தோம். "எங்கட ஆக்களிலை ரெண்டு பேரை வைச்சிரும். பதினொண்டுக்குப் பதினொண்டு நிண்டால்தான் ஆட்டம்," என்றீர். அந்த இருவரில் ஒருவன்தான் உங்கள் கோலுக்குள் பந்தைப் போட்டு எங்களை வெல்ல வைத்தான். ஒரு மாதம் நீர் அவனோடு கதைக்கவில்லை.

நான் கோல் காத்தேன், நீர் முன்னுக்கு நின்றீர். இடைவேளையில் சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்த உங்கள் ஆள் ஒரு கூடை மந்தாரின் தோடம்பழம் கொண்டுவருவார். இரண்டு அணியும் ஒரே கூடையில்தான் கை வைக்கும். பிறகு எங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இளையவர்கள் விளையாட, நீர் உங்கள் அணிக்குப் பொறுப்பானீர், நான் எங்கள் அணிக்குச் செயலாளர் ஆனேன். வெயிலில் நின்று ஒருவரையொருவர் நக்கல் அடிப்பது மட்டும் மாறவில்லை.

அதைக் குழப்பியது வட இத்தாலியிலிருந்து வந்த கடிதம். இத்தாலி முழுவதும் இருந்த தமிழ் அணிகளை ஓர் ஒன்றியம் இரண்டு குழுக்களாகப் பிரித்தது. மேல் குழுவுக்குப் புதுச் சீருடை, பெரிய மைதானம்; ஆட்டத்தைக் கைபேசியில் நேரடியாகக் காட்டுவார்கள். அதற்கு முந்திய இரண்டு ஆண்டும் நாங்கள் உங்களை வென்றிருந்ததால் எங்களை மேல் குழுவில் சேர்த்தார்கள். உங்களைத் தெற்குக் குழுவில் போட்டார்கள். மேல் குழுவின் முதல் சுற்று அந்தத் திங்கட்கிழமையில் விழுந்தது. எங்கள் கூட்டத்தில் அதற்கு ஆதரவானவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். நானும் உயர்த்தினேன். மேல் குழு என்ற சொல் எனக்கும் இனித்தது.

நீர் பலாரோ சந்தைக்குள் என்னைத் தேடி வந்தீர். நான் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"ஐசே, மற்ற நாளெல்லாம் ஒன்றியக்காரருக்கு இருக்கட்டும். அந்தத் திங்களை மட்டும் எங்களுக்கு விடச் சொல்லும். நீர் ஒருக்கா அவையளோடை கதையும்."

"திகதி எங்கட கையிலை இல்லை."

"கையெழுத்து வைக்கிறது நீர்தானே?"

"பொடியங்கள் ஆசைப்படுறாங்கள். நான் என்ன செய்ய?"

நீர் மீன்காரனுக்கு வழிவிட்டு ஒதுங்கினீர். "சரி. அப்ப வேற ஒரு ஞாயிறிலை விளையாடுவம்."

"ஓம், விளையாடுவம்."

அந்த ஓம் பொய். எங்களில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்பது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையெழுத்து வைக்குமுன் ஒன்றியத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் இடத்தை வேறு அணிக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

பஸ்ஸும் கப்பலுமாகக் கடல் தாண்டி வடக்கே போய், அந்தத் திங்களன்று மோசமாகத் தோற்றோம். எதிரணியில் ஒருவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. விசில் ஊதியதும் அவர்கள் கைகொடுத்துவிட்டுத் தங்கள் வாகனங்களுக்குப் போய்விட்டார்கள். வாங்கிப்போன பாணைக் கடித்துக்கொண்டு திரும்பினோம். அதே நாள் நீர் மைதானத்தைத் திறந்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, உங்கள் ஆட்களையே இரண்டாகப் பிரித்து விளையாட வைத்தீர் என்று உம்முடைய மனைவி பிறகு சொன்னார். பாதியில் நின்றுவிட்டதாம். ஒருவருக்கும் ஓட மனமில்லையாம்.

அடுத்த ஆண்டு உங்கள் அணியில் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். அதற்கடுத்த ஆண்டு அணியே இல்லை. தெற்குக் குழுவில் யாரை வென்றாலும் சந்தையில் வைத்து நக்கலடிக்க ஆளில்லாத வெற்றி என்று உங்கள் பொடியன் ஒருவன் என்னிடமே சொன்னான். நாங்களும் உருப்படவில்லை. அடிக்கடி வடக்கே போக எந்த சிஞ்ஞோரா விடுமுறை தருவார்? ஒன்றியம் குழுக்களை மறுபடி மாற்றியபோது எங்களைக் கீழே இறக்கினார்கள். திரும்பி வந்து பார்க்கிறேன், எதிரே நிற்க நீங்கள் இல்லை.

போன கிழமை, அமெரிக்காவில் படிக்கிற என் மகள் தொலைபேசியில் அலுத்துக்கொண்டாள். அங்கே பல்கலைக்கழக அணிகள் குழுக் குழுவாகச் சேர்ந்து அந்த நாட்டு உதைபந்தாட்டம் ஆடுமாம். தொலைக்காட்சியால் வருமானம் கூடுதலாக வருகிற குழுவுக்கு அவளுடைய பல்கலைக்கழகம் மாறிவிட்டதாம். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு தாத்தா காலத்திலிருந்து ஆடிவந்த ஆட்டம் இந்த ஆண்டு அட்டவணையிலேயே இல்லையாம். வயதானவர்கள்கூட அழுகிறார்கள் என்றாள். "அப்பா, ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு ஏன்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எதையும் விளங்கப்படுத்தக் களைப்பாக இருக்கிறது.

நீர் நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உம்மைப் பார்க்க வந்த நாளும் அப்படித்தான், சொல்ல வந்ததைச் சொல்லாமல் இழுத்தடித்தேன். உம்முடைய பெர்மெஸ்ஸோ வதிவிட அட்டையைப் புதுப்பிப்பதைப் பற்றி, உம்முடைய மகளின் வேலையைப் பற்றி எல்லாம் கதைத்தோம். எழும்பும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அந்தத் திங்கள், நான் செய்தது பிழை."

"விடும் ஐசே. அதைக் கதைக்க எனக்கு இப்ப ஏலாது." கண்ணை மூடினீர். நித்திரை என்று நினைத்து நான் கதவடிக்குப் போய்விட்டேன். பின்னால் உம்முடைய குரல் கேட்டது. "உங்களை வெண்டாப் பிறகு வாற பசி இருக்கெல்லே, வேற ஆரை வெண்டும் எனக்கு அப்பிடிப் பசிக்கேல்லை."

மன்னித்தேன் என்று நீர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து நாளில் நீர் போய்விட்டீர். இறுதிப் பூசை முடிந்ததும் சவப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு போக ஒரு சக்கர வண்டியைக் கொண்டுவந்தார்கள். உம்முடைய மனைவி வேண்டாம் என்றுவிட்டார். தூக்க ஆறு பேர் வேண்டும். உங்கள் அணியில் இந்த நகரத்தில் மிஞ்சியிருந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். உம்முடைய மனைவி தேவாலயத்து வாங்கு வரிசைகளைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"ஆக்கள் காணாது அண்ணை. நீங்களும் ஒரு பக்கம் பிடியுங்கோ."

எங்கள் அணியிலிருந்து இன்னொருவனையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். உங்கள் நால்வரும் விலகி எங்களுக்கு இடம் விட்டார்கள். ஆறு பேரில் நான்தான் கட்டை. அதனால் பெட்டி என் இடது தோள் பக்கம் சாய்ந்தது. பீடத்தடியிலிருந்து வாசலில் நின்ற வாகனம் வரை கொஞ்சத் தூரம்தான். முன்னால் பிடித்தவர் திரும்பிப் பார்த்து, "அண்ணை, மாறட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது எந்த வீட்டில் எதைத் தூக்கச் சொன்னாலும் வலது தோளைத்தான் கொடுக்கிறேன். இடது தோளில் இடமில்லை.