பூசையில் இருந்த ஸ்பானர்கள்

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், நாங்குநேரி பெரிய ரோட்டில் ஒரு மோட்டார் கார் மக்கர் பண்ணி நின்றது. இன்ஜின் மூடியைத் திறந்து போட்டிருந்தார்கள். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. டிரைவர் குறடு ஒன்றை வைத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தான். நட்டின் மூலையெல்லாம் மழுங்கிக்கொண்டு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "குறட்டால நட்டைத் திருகுதவன் பல்லால தேங்காய் உரிக்கவன்" என்று சொல்லிவிட்டேன். அவன் முறைத்தான். அது நான் சொன்னதல்ல, நீர் சொன்னது என்று அவனுக்கு எப்படி விளக்குவது? நீர் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உம்முடைய கோபம் மட்டும் என் வாயில் குடியிருக்கிறது.

சர்வே வேலைக்கு வந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தன் மோட்டார் சைக்கிளை உம்மிடம் விட்டுவிட்டுப் போனார். அது கெட்டுப்போனால் சரிபார்க்க இந்த ஜில்லாவில் அப்போது யார் இருந்தார்கள்? நீரும் நானும்தான். இங்கிலீஷ் புத்தகத்தை நான் படித்துச் சொல்வேன், நீர் கழற்றுவீர். நான் தப்பாகப் படித்தால் இன்ஜினே காட்டிக்கொடுத்துவிடும். புத்தகம் கேட்ட ஆயுதங்களில் பாதி நம்மிடம் கிடையாது. ஸ்பானர் நான்கும் திருப்புளி இரண்டும் மதராஸிலிருந்து ரயிலில் வந்தன. மற்றதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. வால்வின் சுருள்வில்லைத் தூக்குவதற்கு உம் வீட்டுத் தொழுவத்துக் கொண்டியைக் கொல்லரிடம் கொடுத்து வளைத்தீர். பிளக்கின் இடைவெளியை அளக்க ஒரு பனையோலை நறுக்கு. சக்கரத்தை ஓட்டுகிற தோல்வார் அறுந்தால் துளை போட, செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கிய குத்தூசி. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைப்பீர். தான் பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்ததில்லை என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூசைக்கு முந்தின நாள் இன்ஜினைப் பிரித்துக் கரி சுரண்டினோம். சாயங்காலம் மாட்டிவிடலாம் என்றேன். நீர் ஒப்பவில்லை. வெளியே தெரிகிற இரும்புக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, உழைப்பது உள்ளே இருக்கிறதுதானே என்று வாதம் பண்ணி, சிலிண்டர், பிஸ்டன், வால்வு எல்லாவற்றையும் ஸ்பானர்களோடு சேர்த்துப் பலகையில் வரிசையாக அடுக்கினீர்.

"ஸ்பானருக்கு எதுக்குவே பொட்டு? அது என்ன கேட்டுச்சா?" என்று கேலி பண்ணினேன்.

"நீரு சாப்பிடுததுக்கு முன்னால ஜெபம் பண்ணுதீரே, சோறு கேட்டுச்சா?" என்றீர்.

மறுநாள் காலையில் என் மகள் எஸ்தருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று வயது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். கம்பவுண்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பாளையங்கோட்டை டாக்டர் வந்து ஊசி போட்டால்தான் உண்டு, அதுவும் பொழுது சாய்வதற்குள் என்றார். மாட்டுவண்டி போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். நான் உம் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

வாசலில் நின்றதும்தான் எனக்கு உறைத்தது. கர்ப்பூரம் அப்போதுதான் அணைந்திருந்தது. பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. உம் வீட்டில் அன்றைக்கு அரிவாள்மணையைக்கூடத் தொட மாட்டார்கள். உம்முடைய அப்பா காலத்திலிருந்து ஒரு வருஷமும் தப்பாத வழக்கம். நானோ வேதக்காரன், கிறிஸ்தவன். என்ன உரிமையில் கேட்பேன்?

"என்னவே, முகம் இப்படி இருக்கு?" என்றீர்.

விஷயத்தைச் சொன்னேன். "வண்டி பிடிக்கப் போறேன், போற வழியில ஒரு எட்டு சொல்லிட்டுப் போகலாம்னு…" என்று இழுத்தேன். வண்டிப்பேட்டை ஊரின் அடுத்த கோடியில் இருக்கிறது. என் பொய் உமக்குத் தெரியும். நீர் பலகையைப் பார்த்தீர், அம்மாவைப் பார்த்தீர்.

உம்முடைய அம்மாதான் குனிந்தார். பெரிய ஸ்பானரை எடுத்து, அதன் பொட்டை முந்தானையால் துடைத்து, உம் கையில் வைத்தார்.

"புடிலே. நாளைக்கு எடுக்கதை இன்னைக்கு எடு. பச்சப்புள்ளைக்குன்னா சாமி என்ன சொல்லப் போறா?"

அன்று இன்ஜினை மாட்டிய வேகத்தில் நாம் என்றைக்கும் மாட்டியதில்லை. புத்தகம் தேவைப்படவில்லை. சிலிண்டரை இறக்கி, நட்டுகளை முடுக்கி, வாரைப் பூட்டித் தெருக்கோடி வரைக்கும் தள்ளினோம். இன்ஜின் பிடிக்கவில்லை. திரும்பத் தள்ளினோம். நான்காவது தடவையும் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினீர், பொறி நன்றாக வந்தது. பெட்ரோல்தான் வரவில்லை. அப்போது அம்மா வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சேனா… அந்தச் சின்னப் பித்தளையில பொட்டு வைக்க இடமே இல்ல ஐயா. அதான் ஓட்டையிலயே வச்சிட்டேன்."

பெட்ரோல் போகிற மயிரிழைத் துவாரத்தில் கட்டிச் சந்தனம்! அந்த நிலையிலும் நீர் சிரித்தீர். நான் ஊசியைத் தேடினேன். "ஊசி ஆகாதுவே, ஓட்டை பெருத்துப்போகும்" என்று அந்தப் பித்தளையைப் பெட்ரோலில் முக்கி, வாயில் வைத்து ஊதினீர், உறிஞ்சினீர், துப்பினீர். மூன்று தடவை. பிறகு மாட்டித் தள்ளியதும் இன்ஜின் வெடித்த சத்தத்தில் தெருக் காக்கை அத்தனையும் பறந்தது.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டீர். பின்னால் கேரியரில், தலையணை மேல், உடம்பெல்லாம் செம்மண் அப்பிய டாக்டர், தன் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டார். விடியும்போது எஸ்தர் கஞ்சி கேட்டாள். நீர் மட்டும் வீட்டுக்குள் வரவேயில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, துடைத்த ஸ்பானரையே துடைத்துக்கொண்டிருந்தீர். ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை வால்வு தேய்க்கும்போது, அன்றைக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம என்னவே? பூசையில வச்சதைத் தொடுதோமேன்னு பயந்தேன். ஆனா உம்ம மூஞ்சியைப் பார்க்க அதைவிடப் பயமா இருந்துச்சு."

போன வருஷக் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனபோது நான் துஷ்டி வீட்டில் ஒரு மூலையில் நின்றேன். உம் சொந்தக்காரர் ஒருவர், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "பூசையில இருந்த ஆயுதத்தில கை வச்சான்லா, அதான் இப்படி." நான்கு வருஷம் கழித்துச் சாமி கணக்குத் தீர்த்ததாம். அபத்தம் என்று தெரியும். தெரிந்தும் அது என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் பிள்ளைக்காகத்தானே? எனக்கு அழுகைகூட வரவில்லை.

அழுதுகொண்டிருந்த உம்முடைய அம்மா தலையை நிமிர்த்தினார்.

"எடுத்துக் குடுத்தது நானாக்கும். சாமி கோவிச்சிருந்தா என்னையில்லா கொண்டுபோயிருக்கணும்? நான் கல்லு மாதிரி இருக்கேன். நீரு சும்மா இரும்."

அப்போதுதான் ஐயா, நான் உமக்காக அழுதேன்.

அந்தப் பழியை முழுக்க அவரிடம் விட்டுவிட எனக்கு மனசில்லை. என் பங்கை நான் சுமக்கிறேன். சுமப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, நீர் பக்கத்தில் இருக்கிற மாதிரித்தான் இருக்கிறது. எஸ்தருக்கு எட்டு வயது. போன ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் தடவையாகத் தனியாக நின்று பாடினாள். தொண்டை கணீரென்று இருந்தது. நடுவில் திரும்பிப் பார்த்தேன். பெருமாள் கோயில், சிவன் கோயில் தவிர வேறு வாசல் மிதிக்காத உம்முடைய அம்மா, கடைசி பெஞ்சில் நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டு எழுந்து போனார்.