பாய்லர் ஆட்களின் காது

1931 மார்ச் 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து ரயில்வே பட்டறை மருந்தகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கால்சட்டை முழங்கால்வரை சேறு. இரண்டு நசுங்கிய விரல், ஒரு காய்ச்சல், கண்ணில் இரும்புத்தூள் விழுந்த ஒருவர். வழக்கமான காலைதான்.

பதினொரு மணிக்கு டாக்டர் ஹார்வுட் என்று ஒரு வெள்ளைக்காரர் வந்தார். காது நோய் ஆராய்ச்சி செய்கிறாராம். எஞ்சின் பாய்லர் வேலை செய்கிறவர்களுக்குக் காதுக்குள் ஓயாத சத்தம் கேட்கிறதா, கேட்டால் அதோடு தலைசுற்றல், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஆட்கள் முப்பத்தொரு பேர், எல்லாரும் தமிழர்கள். நான் டிரெஸர், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிறவன்; மருந்தும் தெரியும் பாஷையும் தெரியும் என்பதால் கேட்டுச் சொல்லும் வேலை எனக்கு.

சரி என்று சொல்லிவிட்டேன். என் இடது காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பந்திங் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது மலேரியாவுக்குக் கொயினாவை அளவுக்கு மேல் விழுங்கினேன். காய்ச்சல் போயிற்று. காதில் வந்த சத்தம் ஐந்து வருஷமாகப் போகவில்லை. எங்கோ தூரத்தில் அரிசி மில் ஓடுவது போல. என் மனைவி தனலெட்சுமிக்குக்கூடத் தெரியாது. காது பழுதான டிரெஸரை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்?

மார்ச் 5, வியாழன்

முதல் ஆள் பக்கிரிசாமி. வெளியே இருவர் சம்மட்டி அடிக்க, பாய்லருக்குள் குந்தியிருந்து ரிவெட் ஆணியைத் தாங்கிப் பிடிக்கிறவர். பதினோரு வருஷமாக அந்த இரும்பு வயிற்றுக்குள்தான் அவர் பகல் கழிகிறது.

டாக்டர் பின்னாலிருந்து தன் சட்டைப்பைக் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காதருகே கொண்டுவந்தார். எத்தனை அங்குலத்தில் டிக் டிக் கேட்கிறது என்று அளப்பதற்கு. பிறகு காதுக்குள் சத்தம் உண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பக்கிரிசாமி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இருக்குன்னு சொன்னா கப்பல்ல ஏத்திருவாங்களா ஐயா?"

வேலை இல்லாத காலம். மாசா மாசம் ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றி ஊருக்கே, நாகப்பட்டினத்துக்கு, திருப்பி அனுப்புகிறார்கள். சீக்காளிகளின் பேர்தான் முதலில் போகிறது.

"இல்லன்னே சொல்லிடுங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு."

சொன்னேன். இல்லை சார், ஒரு சத்தமும் கிடையாது. டாக்டர் எழுதிக்கொண்டார்.

மார்ச் 6

இன்று ஆறு பேர். ஆறு பேருக்கும் "இல்லை சார்."

மார்ச் 11, புதன்

மாட்டிக்கொண்டேன்.

இன்று எட்டுப் பேர். டாக்டர் கடிகாரத்தை நீட்டியதும் ஒவ்வொருவரும் "கேக்குது, கேக்குது" என்றார்கள். கடைசி ஆள் போன பிறகு டாக்டர் கதவைச் சாத்தினார். கடிகாரத்தை என் கையில் வைத்தார். முள் நகரவில்லை.

"மூன்றாவது ஆளிலிருந்து இதை நிறுத்திவைத்திருந்தேன், வாசு. எல்லாருக்கும் கேட்டிருக்கிறது."

பொய் சொன்னது அவர்களா நானா என்று கேட்டார். இரண்டு பேரும்தான் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்துகொண்டு மெதுவாகத்தான் பேசினார். பாய்லர் சத்தத்தால் காதுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று அவர் அறிக்கை போய்விட்டால் இன்னும் இருபது வருஷத்துக்கு எல்லாரும் அதையே நம்புவார்களாம். யாரும் திரும்ப வந்து கேட்க மாட்டார்களாம்.

அறிக்கையில் பேர் வேண்டாம், நம்பர் போதும் என்றார். எந்த நம்பர் யார் என்கிற தாள் என்னிடமே இருக்கட்டும், அவரும் பார்க்கமாட்டாராம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 12

அவர்களைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேனா? இல்லை, இருபது பேர் 'இருக்கு' என்று சொன்னால் என்னையும் கேட்பார்களே என்கிற பயமா? — தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதும் பொய்தானோ.

மார்ச் 15, ஞாயிறு

பக்கிரிசாமியின் மனைவி மாரியாயி வீட்டுக்கு வந்திருந்தாள். தனலெட்சுமியோடு அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்தாள். டாக்டர் துரையிடம் தூங்குகிற மருந்து கேட்டுக் கொடுக்க முடியுமா என்றாள். மூன்று வருஷமாகப் புருஷனுக்கு நிம்மதியான தூக்கம் இல்லையாம். அவள் பேசினால் ஏன் முணுமுணுக்கிறாய் என்று பாய்கிறாராம். பிள்ளை அழுதால் தாங்க முடியாமல் வெளியே போய் மழையில் நிற்கிறாராம்.

"மழையில நின்னா அந்தச் சத்தம் அமுங்குதுன்றாரு. அது என்ன சத்தம்னே எனக்குப் புரியலைங்க. புத்தி கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு."

புத்திக்கு ஒன்றும் இல்லை, காதில்தான் கோளாறு, எனக்கும் அது இருக்கிறது என்று சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

மாரியாயி போன பிறகு தனலெட்சுமி வெகுநேரம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "நான் உங்க இடது பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பவே மாட்டீங்க. கோபம்னுதான் இத்தனை நாளும் நெனச்சேன்."

ஐந்து வருஷம்!

மார்ச் 17, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் கொட்டகைக்குப் போனேன். எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். என் காதைப் பற்றிச் சொன்னேன். கொயினாவைப் பற்றி, மறைத்ததைப் பற்றி. டாக்டர் கடிகாரத்தை நிறுத்திவைத்ததையும் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

பேர் யாரிடம் இருக்கும் என்று கேட்டார்கள். என்னிடம் மட்டும்தான், முதல் நம்பர் என்னுடையது என்றேன்.

பக்கிரிசாமி எழுந்து போய்க் கை கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாம் நம்பர் நான். எழுதிக்குங்க."

மார்ச் 28, சனி

முடிந்தது. என்னைச் சேர்க்காமல் முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருக்குச் சத்தம் இருக்கிறது. பதினான்கு பேருக்குத் தூக்கம் இல்லை. ஒன்பது பேருக்குத் தலைசுற்றல். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவருக்குச் சில்வண்டு. செத்துப்போகலாமா என்று தோன்றியிருக்கிறதா என்று டாக்டர் கேட்கச் சொன்னபோது ஒரு ஆள் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, அதை எழுத வேண்டாம் என்றார். அவர் நம்பரை இங்கேயும் எழுதவில்லை.

தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானும்தான்.

மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார் டாக்டர். மறைக்காமல் சொன்னதற்கு அவரை மதிக்கிறேன்.

ஜூலை 9, வியாழன்

அறிக்கை மேலே போயிருக்கிறது. இன்று மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். டாக்டர் ஆட்களின் பேரைத் தர மறுத்துவிட்டாராம், தாள் என்னிடம் இருக்கிறதாமே என்றார். தொலைந்துவிட்டது என்றேன். தேடிப் பார்க்க நாளைவரை நேரம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அதை அடுப்பில் போட்டேன். தனலெட்சுமி ஊதுகுழலை எடுத்து ஊதினாள்.

ஜூலை 20

பாய்லருக்குள் இனி ஒரு ஆள் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு. காதில் வைக்க மெழுகு தடவிய பஞ்சும் கொடுப்பார்களாம்.

எனக்கும் ஒரு உத்தரவு வந்தது. கிள்ளான் மருந்தகத்துக்கு மாற்றம், உதவி டிரெஸராக. காது பழுது என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். கொயினாவால் காது போன முதல் நம்பர் யார் என்று ஊகிக்க அவர்களுக்குத் தாள் தேவைப்படவில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

மாரியாயி கிள்ளானுக்கு வந்துபோனாள். பாய்லர் ஆட்களில் இரண்டு பேரைப் போன மாதம் கப்பல் ஏற்றிவிட்டார்களாம். காதுக்காக இல்லை, வேலை இல்லை என்று. பக்கிரிசாமிக்கு இப்போது பெயின்ட் கொட்டகையில் வேலை. காதுச் சத்தம் குறையவில்லை. பிள்ளை அழுதால் வெளியே போவதில்லையாம், தூக்கிவைத்துக்கொள்கிறாராம்.

1932 ஜனவரி 19, செவ்வாய்

கிள்ளானில் இன்று நல்ல வெயில். வரிசையில் கடைசியாக ஒரு ஆள், ஐம்பது வயதிருக்கும், துறைமுகத்தில் நீராவிக் கிரேனுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவராம். முன்பின் பார்த்ததில்லை. காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காதுக்குள்ள ஒரு சத்தங்க. உங்ககிட்ட வந்தா பயப்படாம சொல்லலாம்னு பிரிக்பீல்ட்ஸ் ஆளுங்க சொன்னாங்க."

பேரை எழுதவில்லை. எந்தக் காது என்று கேட்டேன்.