தூக்கத்தில் சொன்ன சொல்

1974, ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை

நாளை மாலை, இலங்கையோடு நமக்குள்ள உறவைப் பற்றி நான் ஒரு கூட்டத்தில் பேச வேண்டும். எழுதி வைத்த உரையில் 'நட்பு நாடு' என்று இருக்கிறது. 'எதிர்வீட்டுக்காரன்' என்று சொன்னால் என்ன என்று நேற்றுதான் தோன்றியது. எதிர்வீட்டுக்காரன் நண்பனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; இத்தனை வருஷம் கல்லூரியில் அயலுறவைப் பாடம் நடத்தியதில் எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். அரசாங்கத்துக்கு அது பிடிக்காது. அதை எழுதவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

காலையில் லஸ் முனையில், முன்பின் தெரியாத ஒருவர் என் கூடவே நடந்து வந்தார்.

"சார், அந்த 'எதிர்வீட்டுக்காரன்' வேணாமே. 'நட்பு நாடு'ன்னே இருக்கட்டும். பென்ஷன் வாங்கற வயசுல எதுக்கு?"

சிரித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் சிரிப்பு.

"ராத்திரி பூரா தூக்கத்துல அதைத்தானே சொல்லிண்டிருந்தேள். கிளாஸ் எடுத்த வாய் சும்மா இருக்குமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே கிணற்றடிதான். தெருவிலிருந்து அங்கே வர வழியே கிடையாது.

நாளை 'எதிர்வீட்டுக்காரன்' என்றுதான் சொல்லப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். நான் தூக்கத்தில் பேச ஆரம்பித்தால் தட்டி எழுப்பும்படி மனைவியிடம் சொன்னேன். அவளோ எனக்கு முன்னால் தூங்கிவிட்டாள்.

காற்றே இல்லை. கிணற்று ராட்டினம் ஒரு தரம் கிறீச்சிட்டது. எனக்குக் கண் சொக்குகிறது.