அழாத கடைசிக் காட்சி

ஞாயிறு, இரவு.

மாலையில் சிட்லபாக்கத்தில் என் பழைய மாணவி சமீராவின் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வகுப்பில் நடத்திய நாவலை வெப் சீரிஸாக எடுத்திருக்கிறாள். கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். கணவனின் உடலருகே நாயகி அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதே நாவலை வச்சு எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல எப்படிக் கதறுவா! அதுதாம்மா நாவல். நீ புத்தகத்தையே படிக்கல போல" என்றேன்.

கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவின் முகம் வாடிவிட்டது. "என்னம்மா, சார் சொல்றது நிஜமா?"

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தா" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். நாவலில் நாயகி அழவே இல்லை. கதறல் எல்லாம் படத்தில் பார்த்ததுதான். சமீராவுக்கு இது தெரியாமல் இருக்காது. என் மரியாதைக்காகத் தன் அத்தா முன் தலைகுனிந்திருக்கிறாள்.

காலையில் நேரில் போய் அவரிடம் சொல்ல வேண்டும். போனில் சொல்லிவிட்டால் முகம் பார்க்க வேண்டாமே என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது இன்னும் வெட்கமாக இருக்கிறது.