முடிச்சுப் போட்ட துண்டு

சாரல் தொடங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினாலும், நம் தென்காசி ஆபீஸ் கதவுக்குப் பின்னால் தொங்கும் உன் துண்டில் ஈர வாடை ஏறிவிடுகிறது. ஒரு மூலையில் நீ போட்ட முடிச்சு அப்படியே கிடக்கிறது. அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த முடிச்சு வந்த கதை நினைவிருக்கிறதா? ஐந்தருவியில் சீசன் கூட்டம். லுங்கியைக் கம்பியில் மூன்றாவதாகப் போட்டிருக்கிறோம் என்ற கணக்கில் குளிக்கப் போனாய். திரும்புவதற்குள் யார் யாரோ துணிகளைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். நீயோ மூன்றாவதாகக் கிடந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு இலஞ்சி வரை வந்துவிட்டாய். டீக்கடையில் இறங்கியபோதுதான் அது உன்னுடையது இல்லை என்று பார்த்தோம். "ஏலே, எவனோ ஒருத்தன் அங்கன ஜட்டியோட நிக்குதாம்லே!" என்று நீ சிரித்ததில் டீ ஆற்றியவரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து உன் துண்டுக்கு முடிச்சு.

அந்தப் புத்தியை நீ தொழிலுக்கும் கொண்டுவந்தாய். கடைக்காரர்களுக்காக நாம் ஒரே பெரிய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போல ஓட்டிய வர்ச்சுவல் மெஷின்களில், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அருவியின் பெயரை வைத்தாய். நான் கேலி செய்தேன். நீ சட்டை செய்யவில்லை. ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன பிறகும், ஏதாவது மக்கர் செய்தால் போனில் சொல்லிக் கொடுப்பாய். மறந்துவிடுவேன் என்று அந்த அழைப்புகளையெல்லாம் பதிவு செய்து ஒரு டிஸ்க்கில் போட்டுவைத்தேன். அவை உன் கடைசிப் பேச்சுகளாகும் என்று யார் கண்டது?

போன வாரம் உன் மகள் பேசினாள். "வெள்ளிக்கெழம வாரேன் மாமா. வாப்பா பேசுனதெல்லாம் ஒரு பென்டிரைவ்ல போட்டு வச்சிருங்க. உம்மாவுக்கும் கேக்கணுமாம்." எடுத்துக் கொடுக்கும் முன் இங்கேயும் ஒரு நகல் இருக்கட்டும் என்று, அதே மெஷினில் இருந்த பழைய டிஸ்க் ஒன்றை அழித்துக் காலி செய்ய நேற்று மத்தியானம் உட்கார்ந்தேன். மெஷின் அதற்கு வைத்திருந்த எழுத்து பி. உன் குரல் இருந்தது சி. பாதியில் மின்சாரம் போய் வந்தது. மெஷின் மறுபடி எழுந்தது. 'பி'யை அழி என்று கை பழக்கத்தில் தட்டிவிட்டது. எண்டரை அமுக்கும் முன், உன் வழக்கப்படி பெயரைக் கேட்டுப் பார்த்தேன். திரையில் 'ஐந்தருவி' என்று வந்தது. உன் குரல் இருந்த டிஸ்க். மெஷின் எழுந்த வேகத்தில் இரண்டின் எழுத்துகளும் மாறியிருந்தன.

தட்டிய கட்டளையை அழித்தேன். பிறகு பெயரைச் சொல்லியே திறந்து, ஒரு பதிவை ஓடவிட்டேன்.

"கேக்குதாலே? மெஷின் எந்த டிஸ்க்க மொதல்ல பாக்குதோ அதுக்கு ஏ, அடுத்ததுக்கு பி. அம்புட்டுதான். இன்னைக்கு பி-யா இருக்குதது நாளைக்கு சி ஆயிரும். எடத்த நம்பாத. பேரச் சொல்லிக் கூப்புடு."

கேட்டுவிட்டு அழுதேன். வேறென்ன செய்ய?

உன்னை அடக்கம் செய்த அன்று உன் மச்சான் ஷார்ஜாவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். மண்மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல், எதிலும் பெயர் இல்லை. "கடைசில இருந்து மூணாவது அண்ணாச்சி" என்றார். அப்போது தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வரிசைக்கு எத்தனை பேர் வந்திருப்பார்களோ. மச்சானும் இப்போது ஊர் திரும்பிவிட்டார்; அவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை உன் மகளிடம் குரலைக் கொடுத்துவிடுவேன். துண்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். ஒருநாள் அங்கே போய் வாப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எந்த இடம் என்று கேட்பாள். கடைசியிலிருந்து மூன்றாவது என்பதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லையே.